பெட்ரோல் மேல் போட்ட பழி

ஹைப்ரிட் கார் வாங்கினவனால் மைலேஜ் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நான் கல்யாண வீட்டிலும் பேசினேன், கருமாதி வீட்டிலும் பேசினேன். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும், லிட்டருக்கு இருபத்து நாலு கிலோமீட்டர் என்று கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன். லுங்கி வியாபாரத்துக்காக நகரியிலிருந்து திருப்பதிக்கு வாரம் மூன்று நடை போய்வருகிறவன் நான். அந்த இருபத்து நாலு எனக்கு ஒரு பட்டம் மாதிரி.

சித்திரையில் அது பதினேழுக்கு இறங்கியது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம். பகலில் கண்ணை மூட முடியாது. வெயில் ஏறின பிறகு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். சாப்பிட்டதும் வாசலில் வேப்பமர நிழலில் நிற்கும் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். எஞ்சின் சத்தமே இருக்காது. பேட்டரியில் ஓடுகிறது, இனாம் காற்று என்று நினைப்பு. அதனால் மைலேஜ் குறைந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது பெட்ரோல் மேல்தான்.

ஒரு சந்தை நாளில் எங்கள் ஊரிலேயே இருக்கும் வழக்கமான பங்க்குக்குப் போனேன். பல வருஷமாக எனக்குப் பெட்ரோல் போடுகிற அம்மாதான் நின்றிருந்தாள்.

“இன்னாம்மா கலக்கறீங்க? என் வண்டி நொண்டிக்கினு கீது.”

“கம்பெனி லோடு எப்டி வருதோ அப்டியே ஊத்தறேன்ணா. சந்தேகம்னா டெஸ்ட் பண்ணிக்கோ.”

ஃபில்டர் பேப்பரில் சொட்டு விட்டுக் காட்டினாள். கறையில்லாமல் காய்ந்தது. ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டினாள். கோட்டுக்குச் சரியாக நின்றது. அதோடு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் பின்னால் நீளமாக வண்டிகள் நின்றிருந்தன. அத்தனை பேர் பார்க்கும்போது என் வாய் சும்மா இருக்காது.

“போர்ட மாத்திடும்மா. தண்ணிப் பந்தல்னு எழுதி, பக்கத்துல ரெண்டு கிளாஸ் மோரும் வெச்சிடு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

அன்றிலிருந்து திருப்பதி வழியில் இருக்கும் புத்தூரில் வேறொரு கம்பெனி பெட்ரோல் போட ஆரம்பித்தேன். அதே வாரம், நூல் விலை ஏறிவிட்டதென்று எங்கள் தெருவில் தறிகளை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் நல்ல அமைதி. ஃபேனுக்குக் கீழேயே படுத்துத் தூங்கினேன். மைலேஜ் இருபத்து மூன்றைத் தொட்டது. கம்பெனி மாறினால் மைலேஜ் மாறும், இதோ என் காரே சாட்சி என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தேன்.

ஆட்டோக்காரர்கள் அவளை ‘தண்ணிப் பந்தல்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஒருநாள் அதை என் காதாலேயே கேட்டேன். நான் விட்ட ஜோக் ஊரில் ஓடுகிறதே என்று பெருமையாக இருந்தது. இப்போது எழுதக் கூசுவது அந்தப் பெருமையைத்தான். கஸ்டமர்கள் கேலி பேசுகிறார்கள் என்று முதலாளி அவளைப் பெட்ரோல் பக்கமிருந்து எடுத்து டயருக்குக் காற்றடிக்கப் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தறிகள் ஓடின. நான் மறுபடி காருக்குள் போனேன். புத்தூர் பெட்ரோலிலும் மைலேஜ் பதினேழானது. அந்தக் கம்பெனியையும் திட்டலாம் என்று இருந்தபோது, ஒரு மத்தியானம் என் மனைவி கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“யோவ், எறங்கு. பானட்ட தொட்டுப் பாரு.”

தொட்டேன். நிழலிலும் சுட்டது.

“பேட்டரி எறங்கனா எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆயி ரொப்பிக்குது. இந்தத் தறி சத்தத்துல உனுக்கு எங்க கேக்கப் போவுது? நீ தூங்கறதுக்கு வண்டி பெட்ரோல் குடிச்சிக்கினு கீது. பாவம், அந்தப் பொம்பளைய ஊரே சிரிக்கறாப்ல பண்ணிட்டியே.”

காரோடு கொடுத்த புத்தகத்தில் இதெல்லாம் இருந்தது. நான் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

மறுநாள் பங்க்குக்குப் போனேன். காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் மெல்லச் சொன்னேன்.

“தப்பு என் பேர்லதாம்மா. பெட்ரோல்ல ஒண்ணுமில்ல.”

“அன்னிக்கும் இப்டிதான் காதோட சொன்னியாண்ணா?”

குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் கையைக் காட்டினாள்.

“வண்டிங்க நிக்குது பாரு. அங்க வந்து சொல்லு.”

கூடவே நடந்து வந்தாள். ஆறு பேர் நின்றிருந்தார்கள். முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. “சத்தமா” என்றாள்.

“நான் கார்ல ஏசி போட்டுக்கினு தூங்கனேன். பெட்ரோல் அதுல போச்சி. இந்தம்மா மேல தப்பில்ல.”

“தூங்கறதுக்கு வூடு இல்லியாண்ணா?” என்றான் ஓர் ஆட்டோக்காரன். ஆறு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அன்னிக்கி சந்தை நாளுண்ணா, அவ்ளோ ஜனம் கேட்டுது. இன்னிக்கி ஆறு பேரு. மொதலாளியும் இல்ல. டேங்க் காலியானதும் இங்கயே வா. அவுரு இருக்கசொல்ல மறுபடி சொல்லு.”

கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லி டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தூங்குகிறேன். மைலேஜ் இருபத்தைந்து. டேங்க் காலியாகவே மாட்டேன் என்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று திருப்பதியிலிருந்து வரும்போது பெட்ரோல் கடைசிக் கோட்டுக்கு வந்தது. நகரிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தான். தாராளமாக வந்து சேர்ந்திருக்கும்.

புத்தூரில் நிறுத்திப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.