மரியஜோசப்பின் பாஸ்வேர்டு

மரியஜோசப்புக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. எங்கள் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அவர். ஏற்காடு, நாகலூர், கொட்டச்சேடு என்று மூன்று ஆபீசுக்கும் பஸ்ஸில் போய் வருவார். குடை கேட்டவருக்குக் குடை, டார்ச் கேட்டவருக்கு டார்ச். அவருடைய கல்யாணக் கோட்டு இன்னும் நாகலூர் மாப்பிள்ளைகளின் தோளில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூற்றாறில் மூன்று ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. மூன்றுக்கும் மூன்று பாஸ்வேர்டு. மறக்காமலிருக்கக் குடையின் உள்பக்கம் எழுதிவைத்தார். குடையை யாரோ வாங்கிப்போனார்கள்.

அதன்பிறகுதான், எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்த, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் பாஸ்வேர்டு சர்வர் கட்ட இறங்கினேன். எல்லாருடைய பாஸ்வேர்டும் ஏற்காட்டு மெஷினில் இருக்கும். எந்த ஆபீசில் மாற்றினாலும் தனி டெலிபோன் லைன் வழியே மூன்று இடத்திலும் மாறிவிடும். நான் கொடுக்கும் பாஸ்வேர்டை, முதல் தடவை உள்ளே நுழைகிறவர் மாற்றியே ஆகவேண்டும் என்றும் அமைத்தேன். பதினோரு நாள் வேலை.

சோதனையன்று ஏற்காட்டு ஆபீசில் மேனேஜர் வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓடுனா வெச்சுக்கலாம் தம்பி. ஓடலீன்னா லைனைக் கழட்டிப்புடலாம். நீங்களும் வேற வேலை பாத்துக்குங்க."

மரியஜோசப் ஒற்றை விரலால் தட்டினார். தவறு என்றது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் தவறு. எனக்குக் காது சூடேறியது.

"காலையில நீ குடுத்ததுதான் கண்ணு. ஒரு எழுத்துகூட மறக்கல."

"ஆருகிட்டயாவது சொன்னீங்களா?"

"நம்ம நாகலூர் ஆபீஸ் ஆரோக்கியசெல்வி அங்கிருந்து போன் பண்ணிக் கேட்டுது. பாவம், அதும்பட பாஸ்வேர்டு மறந்துபோச்சாம். காபி எடையைப் பதியணும்னுச்சு. எப்படிச் சாமி இல்லைங்கிறது?"

நாகலூருக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்கண்ணா, அவர் பேர்லதான் உள்ள போனேன். மாத்துன்னு கேட்டுது, மாத்திப்புட்டேன். பத்து நிமிசம் இருக்கும்."

"என்ன வெச்சீங்க?"

"சொல்லமாட்டேனுங்க. ஆரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே போன வாரம் பாடம் எடுத்தீங்க?"

போனை வைத்த எனக்குச் சிரிப்பும் வந்தது, துள்ளவும் தோன்றியது. மேனேஜரோ பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"ஓடுதுங்க சார். நொம்ப நல்லா ஓடுது. நாகலூர்ல செல்வி மாத்துனா இங்க ரைட்டரையே உள்ள உடமாட்டேங்குது பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார், மரியஜோசப்பைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"லைன் இருக்கட்டும். நீங்களும் இருங்க."

சர்வரில் அவருக்கு நானே புதிதாக ஒரு பாஸ்வேர்டைப் போட்டுக்கொடுத்தேன். மரியஜோசப் உள்ளே போனார். மாற்றச் சொன்னது. எங்களைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மாற்றினார்.

"என்னங்க ரைட்டரே வெச்சீங்க?" என்றார் மேனேஜர், சும்மா.

மரியஜோசப் வாயைத் திறந்தார். நான் பாய்ந்துபோய்ப் பொத்தினேன்.