மணல் ஒழுங்கையில் ஒரு வீட்டின் கற்கள்

என் பிள்ளைகளே, கொழும்பை விட்டு ஏன் மட்டக்களப்புக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "இங்கே வாடகை குறைவு" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுகிறீர்கள். அது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதைதான். மற்றப் பாதியை இதில் எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவன் திருத்தட்டும். கதையில் கை வைக்க வேண்டாம்.

போன வருடம், இந்தப் பக்கம் கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம் அது. கொட்டாஞ்சேனையில் நாம் இருந்த மாடி அறையை இடித்துக் கட்டப்போகிறேன், ஆவணிக்குள் எழும்பிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சாமான் விலை ஏறிய பிறகு கொழும்பில் இன்னொரு அறை பிடிக்க எனக்குச் சக்தி இல்லை. சக்திக்கு உட்பட்டு இரண்டு இடம் கிடைத்தது. இரண்டு இடத்திலும், சின்னவளின் காலில் இருக்கும் இரும்புப் பட்டிச் சப்பாத்தையும் கைத்தடியையும் பார்த்ததும் முகம் மாறியது. "படியில விழுந்தா யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர் அதைக்கூடக் கேட்கவில்லை, போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் சிறிய ஊர் ஒன்றைத் தேடலாம் என்று முடிவெடுத்தேன். தையல் மெசின் திருத்துவது என் தொழில். காத்தான்குடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, "இங்க வந்தா உனக்கு வேலைக்குக் குறைவில்ல" என்று முன்பே சொல்லியிருந்தார். அவரை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

முதலில் கல்குடாவுக்குப் போனேன். கடலைப் பார்த்ததும் அங்கேயே இருந்துவிடலாம் என்று மனம் சொன்னது. கடல் அழகுதான், ஆனால் திருத்தச் சொல்லி அது மெசின் கொண்டுவராதே. செங்கலடிச் சந்தியில் பஸ், சந்தை எல்லாம் வசதி. ஆனால் பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால் நல்ல அறைகளை எல்லாம் மாணவர்கள் பிடித்துவிட்டார்கள். கடைசியாக நாவற்குடா. காத்தான்குடிக்குச் சைக்கிளில் போய்விடலாம். பள்ளிக்கூடம் பெரிய ரோட்டில். ரோட்டிலிருந்து ஒரு மணல் ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு வளவு. அதில் இரண்டு வீடு. பின்னால் உள்ளதில் சொந்தக்காரர்கள். முன்னால் உள்ளது வாடகைக்கு. படியே இல்லாத வீடு! எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டைக் காட்டியவர் நீங்கள் இப்போது பெரியப்பா என்று கூப்பிடுகிறவர்தான். வாவியில் வலை வீசிவிட்டு வந்து, தலையில் துவாயோடு நின்றார். கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடிக்கத் தந்தார். சீனி போட்ட மாதிரி இருந்தது. வாடகை சொன்னார். நான் குறைத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். காரியம் முடிந்தது என்று நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

"பொறுங்க தம்பி. மறுகா அவக்கிட்டயும் ஒரு சொல்லுக் கேக்கணும்."

"அண்ணன் இப்பதானே சரின்னு சொன்னீங்க?"

"நான் சரிதான். நான் ஆரு சொல்ல? இது அவட வீடு. அவட தாய் சீதனமாக் குடுத்தது. நான் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்த ஆள். இருவது வருசமா வாடகையும் குடுக்காம இரிக்கன், கொழுப்பெண்டு நினைக்கப்போறா."

இந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். வாடகைப் பேச்சுக்கும் அது பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

பின்வீட்டு அக்கா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். கை முழுக்க மாவோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்கட பொஞ்சாதி எங்க தம்பி?"

"கொழும்பிலக்கா. பிள்ளைகளோட. நான் பார்த்தாப் போதும். நான் சொன்னா அவ கேட்பா."

"நீங்க சொன்னா கேப்பாதான். காலையில மெசின் திருத்தப் போனா பொழுதுபட வருவீங்க. அடுப்பங்கரையில புகை சுத்துதா, கிணத்தடியில மறைப்பு இரிக்கா எண்டு உங்களுக்குத் தெரியுமா? இந்த வீட்டில இரிக்கப்போறது அவ. அவ வந்து பாக்காம திறப்புத் தரொண்ணா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சாவிக்காக இன்னொரு தரம் பஸ் ஏற வேண்டும். அதற்குள் வேறு யாராவது பிடித்துவிட்டால்? அதையும் கேட்டேன். "வார ஞாயிறு வரைக்கும் ஆருக்கும் குடுக்கமாட்டன், போங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாவைப் பிசையப் போய்விட்டார். அந்த வாரத்துக்குள் ஒரு வங்கி உத்தியோகத்தர் கூடுதல் வாடகைக்குக் கேட்டு வந்தாராம். அவரையும் ஞாயிறுக்குப் பிறகு வரச் சொல்லி அனுப்பியிருந்தார். இது நமக்குப் பெரியப்பா சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் அம்மாவையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். மூத்தவன் மாமா வீட்டில் நின்றான். ஆட்டோக்காரர் ஒழுங்கை வாயிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே வந்தால் ஆட்டோச் சில்லு மணலில் புதையும் என்றார். சின்னவளே, நீ இறங்கி இரண்டு அடி வைத்தாய். தடி மணலுக்குள் இறங்கியது. சப்பாத்தும் இறங்கியது. நான் வழக்கம்போல் உன்னை அள்ளித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ பிறந்ததிலிருந்து அப்படித்தானே. வளவின் வாசற் படலையில் நின்று அந்த அக்கா நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பில் பார்த்த முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

அக்கா, அம்மா, நீ என்று பெண்கள் மூன்று பேரும் உள்ளே போனீர்கள். என்னை உள்ளே கூப்பிடவில்லை. முந்திரிகை மரத்தடியில் அந்த அண்ணனோடு, உங்கள் பெரியப்பாவோடு, இருத்திவிட்டார்கள். மரத்தைச் சுற்றிச் சீமெந்துக் கற்கள் என் நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில், சீமெந்தைக் குழைத்துக் கொட்டிக் கல் அரிகிற ஒரு மர அச்சு.

"எல்லாம் நான் அரிஞ்ச கல்லு. மகளுக்கு. இப்ப ஏ.எல். படிக்காள். வீடு கட்டாம பொம்புளப் புள்ளைக்குக் கலியாணம் பேசொண்ணாதானே. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கொஞ்சமா அரியிறன்."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் மெல்லிய பேச்சு. மறுபடியும் சிரிப்பு.

"என்னண்ணன், இவ்வளவு நேரம்?"

"நம்ம ரெண்டு பேரையும் வித்து முடிச்சிருப்பாளுகள். விலை படியல்லப் போல."

கடைசியில் அக்கா வெளியே வந்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்கட ஆளுக்கு வீடு புடிச்சிட்டு" என்றார் அக்கா. "ஆனா திறப்பு இப்ப தரமாட்டன். ஒழுங்கை சரியில்ல. எத்தின நாளைக்குப் புள்ளையத் தூக்குவீங்க?"

"என் கையில பலம் இருக்கிற வரைக்கும் தூக்குவேன் அக்கா" என்றேன். கொஞ்சம் வீரமாகத்தான் சொன்னேன்.

அம்மாவின் பின்னால் நின்ற நீ, "அப்பா தூக்கினா சட்டை கசங்குது. எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்குப் பிடிக்காது" என்றாய். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போக வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்று உள்ளே அம்மா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது புதிய செய்தி.

"மாசம் முடியட்டும். போன்ல கோல் எடுக்கிறன்" என்றார் அக்கா. இடியப்பமும் சொதியும் கூனிச் சம்பலும் தந்து அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன், இதுவும் கொழும்புக் கதைதான், மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று. "இல்ல. அந்த அக்கா சொன்னால் சொன்னதுதான்" என்றாள் அம்மா. நான் நம்பவில்லை. செங்கலடியில் ஒரு தரகருக்குப் போன் போட்டும் வைத்தேன். அவர் சொன்ன இடம் கடைக்கு மேல் மாடி. மறுபடியும் படி. எழும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளைக் கட்டினோம், எங்கே கொண்டுபோவது என்று தெரியாமலே கட்டினோம்.

மாதக் கடைசியில் போன் வந்தது. அம்மாவின் போனுக்குத்தான், எனக்கு இல்லை. "வாங்க புள்ள" என்ற இரண்டு சொல்தான்.

லொறி ஒழுங்கை வாயில் நின்றபோது மூத்தவன்தான் முதலில் கண்டான். பெரிய ரோட்டிலிருந்து படலை வரைக்கும் மணலில் சீமெந்துக் கற்களைப் படுக்கவைத்து, இரண்டு வரிசையாகப் பதித்திருந்தார்கள். மட்டம் பார்த்துப் பதித்திருந்தார்கள். ஒரு கல்கூட ஆடவில்லை. படலை வாசலில் மட்டும் ஒரு பெரிய சதுரம், தடியோடு திரும்புவதற்கு.

முந்திரிகை மரத்தடியைப் பார்த்தேன். நெஞ்சளவு நின்ற அடுக்கு என் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

"அண்ணன், இது மகளுக்கு..." என்று தொடங்கினேன்.

"கல்லுக்கு வலிக்காது தம்பி. மணலிலதானே கிடக்கு. வீடு கட்டுற நேரம் கிளப்பிக்கிடுவம்."

அவர்களின் மகள் பாடப் புத்தகத்தோடு வாசலில் நின்றாள். "பாத்தீங்களா சித்தப்பா, இன்னும் கட்டயுமில்ல, அதுக்குள்ள எல்லாரும் எண்ட வீட்ட மிதிச்சிக்கிட்டுத் திரியிறாங்க" என்றாள். "போ புள்ள, நீ முதல்ல சோதனை பாஸ் பண்ணு. மறுகா வீட்டப் பாப்பம்" என்றார் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் நன்றி சொல்வதற்கு அங்கே இடமே வைக்கவில்லை.

சின்னவளே, நீ தடியால் முதல் கல்லைத் தட்டிப் பார்த்தாய். டொக் என்றது. பிறகு ஏறினாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மின்விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். கை தானாக உன் பக்கம் நீண்டது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ படலை வரைக்கும் போய், அந்தச் சதுரத்தில் திரும்பி நின்று, "சுறுக்கா வாங்க!" என்று எங்களைக் கூப்பிட்டாய். வந்து இறங்கிய உடனேயே இந்த ஊர்ச் சொல் உன் வாயில் வந்துவிட்டது.

ஊர் தேடி அலைந்த நாட்களில் நான் எல்லாம் விசாரித்தேன். வாடகை விசாரித்தேன், வேலை விசாரித்தேன், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தண்ணீர் உப்பா இனிப்பா என்று விசாரித்தேன். பள்ளிக்கூடத்துக்கு என் மகள் எப்படி நடந்து போவாள் என்று விசாரித்தது, எங்களை முன்பின் தெரியாத ஓர் இடியப்பக்கார அக்கா. தன் மகளின் வீட்டைக் கொஞ்சம் எடுத்து என் மகளின் காலடியில் போட்டுவிட்டு, அதைப் பெரிய காரியமாகப் பேசவும் இல்லை. அப்படிப்பட்டவர்களின் வளவில் நீங்கள் வளர்கிறீர்கள் என்பதை நினைத்தால், வேறு எந்த ஊரும் நமக்குக் கிடைக்காமல் போனது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களும் நீங்களும் ஒன்றாகக் கோயிலுக்குப் போனீர்கள். மெசின் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். மெசின் வேலை ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பை சீமெந்து முதல் நாளே வாங்கி வந்து கிணற்றடியில் வைத்திருந்தேன். மணலைச் சலித்துக் குழைத்து, அண்ணனின் மர அச்சில் போட்டு இறுக்கிக் கவிழ்த்தேன். முதல் கல்லின் மூலை உதிர்ந்துவிட்டது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது நின்றது. நனைத்த சாக்கால் அதை மூடி, நீங்கள் வரும் சத்தம் கேட்பதற்கு முன் கையைக் கழுவினேன். காய்ந்த பிறகு ஒருவரும் பார்க்காத நேரம் அதைத் தூக்கிக்கொண்டு போய் முந்திரிகை மரத்தடியில், குறைந்துபோன அந்த அடுக்கின் மேல், மெதுவாக வைத்தேன்.