மெல்லாமல் விழுங்குதல்

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் தவழத் தொடங்கியிருக்கவில்லை. அது எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் லண்டனில் மனோர் பார்க்கில் இருந்தோம். அவளுடைய தாய் நைஜீரியாக்காரி, யொரூபா இனத்தவள். வால்தம்ஸ்டோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் வேலை செய்தவள். நான் முதுகுவலியால் வேலையை விட்ட காலத்தில் அவளும் விட்டுத் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கணவர் படிப்பு முடிந்து லாகோஸுக்குத் திரும்பிவிட்டார். இரவு ஷிப்டும் பகல் வகுப்புமாக ஓடும் ஒருத்தியால் கைக்குழந்தையையும் பார்க்க முடியாது. படித்து முடிக்கும்வரை பிள்ளையை இன்னொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பது அவர்களுடைய ஆட்களுக்கு இங்கே வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் லண்டனுக்கு வெளியே, வெள்ளைக்காரர் வீடுகளில் விடுவார்கள். இவள் என்னைக் கேட்டாள். எங்கள் மகன் பல்கலைக்கழகம் போய் அவனுடைய அறை சும்மா கிடந்தது. ஓம் என்றேன்.

பிள்ளை பேசத் தொடங்கியதும் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடப் பழக்கினேன். அம்மா என்ற சொல்லில் நான் கை வைக்கவில்லை. தாய் ஞாயிறுதோறும் வருவாள், கதைப்புத்தகமோ சப்பாத்தோ வாங்கிக்கொண்டு. பிள்ளை அவளை மம்மி என்பாள், மடியில் இருப்பாள், கொஞ்ச நேரத்தில் இறங்கி என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். தாயோடு ஆங்கிலம், எங்களோடு தமிழ். சோறும் பருப்பும் நெய்யும், முருங்கைக்காயில் உள்ளிருக்கும் சதையும், மீன்குழம்பில் முள் எடுத்த துண்டும் சாப்பிட்டு வளர்ந்தாள்.

அவளுக்கு நாலு வயது கடந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் இரண்டு பைகளோடு வந்தாள். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டதாகவும், கோடையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லாகோஸுக்குப் போவதாகவும் சொன்னாள். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். என் தமிழில் எழுதுகிறேன்.

"அன்ரி, ஒரு உதவி. அங்க போனா இவளுக்கு ஆரும் தனியாச் சமைக்க மாட்டினம். என்ர மாமியார் வீட்டில பிள்ளையள் நிறைய. எங்கட சாப்பாடு சாப்பிடப் பழக்கிவிட வேணும். முதல்ல ஒபே இலா."

ஒபே இலா என்றால் வெண்டிக்காய்க் குழம்பு. பையில் இருந்ததை மேசையில் எடுத்து வைத்தாள். டால்ஸ்டன் சந்தையில் வாங்கிய வெண்டிக்காய், புகைபோட்ட மீன், இடித்த இறால் தூள், பழைய சோடாப் போத்தலில் சிவப்பாகச் செம்பனை எண்ணெய், புளிக்கவைத்த ஏதோ மரக்கொட்டை, சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு உப்புக்கல். கொட்டைப் பொட்டலத்தைப் பிரித்ததும் கருவாட்டுச் சட்டியைத் திறந்ததுபோல மணந்தது. என் கணவர் எழும்பி யன்னலைத் திறந்தார்.

வெண்டிக்காயை அவள் மிகப் பொடியாக வெட்டினாள், வெட்டியதை மறுபடி கத்தியால் கொத்தினாள். யாழ்ப்பாணத்தில் வெண்டிக்காய் சமைக்கும் வித்தை முழுவதும் அதன் வழுவழுப்பை இல்லாமற் செய்வதுதான். கழுவித் துடைத்து, ஈரம் உலரவிட்டு, பெரிய துண்டுகளாக வெட்டி, எண்ணெயில் வதக்கி, புளி விடுவோம். அவளோ கொதிக்கும் மீன் சாற்றில் அதைப் போட்டு, வழுவழுப்புக் கூடட்டும் என்று உப்புக்கல்லில் ஒரு சிறு துணுக்கும் போட்டாள். நான் சட்டியை மூடப்போனேன்.

"மூடாதேங்கோ அன்ரி. மூடினா நூல் அறுந்துபோகும்."

கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். கரண்டிக்கும் சட்டிக்கும் இடையில் குழம்பு பச்சைக் கயிறாகத் தொங்கியது. அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "இப்பதான் சரி."

மரவள்ளிக்கிழங்கை வறுத்துச் செய்த ரவையைக் கொதிநீரில் கிளறி எபா என்ற களியும் செய்தாள். அதைச் சிறு உருண்டையாகப் பிடித்து, பெருவிரலால் ஒரு குழி அமுக்கி, குழம்பில் தோய்த்து, தொங்கும் நூலை அறுக்க மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி, வாயில் போட்டு விழுங்கவேண்டும். மெல்லக் கூடாது. அவள் பிள்ளையின் வாயில் ஒன்றை வைத்தாள். பிள்ளை அதைத் தன் கையிலேயே துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது சளி மாதிரிக் கிடக்கு."

"என்ன சொல்றாள்?" என்று தாய் கேட்டாள்.

"புதுச் சாப்பாடெல்லோ, பழக்கமில்லையாம்" என்றார் என் கணவர். அவள் போனபிறகு என்னிடம், "பிள்ளை சொன்னதில பிழை இல்லை. உந்தக் குழம்பைக் கொஞ்சம் எடுத்து வையும், முன்னறை வால்பேப்பர் கழண்டு நிக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே போய் அவள் பட்டினி கிடப்பாளோ என்ற ஒரே நினைவுதான். ஞாயிறு தாய் வந்து பார்ப்பாள் என்பதால், அதற்கு முதல்நாள் சனிக்கிழமைகளை ஒதுக்கிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை என் கை எனக்குச் சொல்லாமலே பழையபடி செய்துவிட்டது. வெண்டிக்காயைத் துடைத்தேன். வெட்டியதைச் சிறிது வதக்கினேன். பிள்ளை சாப்பிடவேண்டுமே என்று கடைசியில் அரைத் தேசிக்காயையும் பிழிந்தேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள், அதுவும் சோற்றோடு. மறுநாள் தாய் கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்தாள். தண்ணீராக விழுந்தது.

"நல்ல ருசி அன்ரி" என்றாள். பிறகு, "ஆனா இது உங்கட கறி" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் காட்டியபடியே செய்தேன். நூல் விழுந்தது. பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டாள். அடுத்தடுத்த கிழமையும் அப்படியே. கதை சொன்னேன், வெருட்டினேன், ஐஸ்கிறீம் தருவதாகச் சொன்னேன். பிறகு ஒரு நாள் எபாவையும் குழம்பையும் ஒரே தட்டில் போட்டு, மீனை உதிர்த்து, சோறு குழைப்பதுபோல விரல்களால் நன்றாகக் குழைத்தேன். நூல் எல்லாம் களிக்குள் அடங்கிவிட்டது. உருண்டை பிடித்து வாயில் தீத்தினேன். மென்றாள். இன்னொன்றுக்கு வாயைத் திறந்தாள். தட்டு முடிந்தது. நான் தாயின் விடுதிக்குப் போன் பண்ணி, சாப்பிட்டுவிட்டாள் என்று சொன்னேன். மறுமுனையில் அவள் தன் மொழியில் கடவுளுக்கு நன்றி சொல்வது கேட்டது.

அந்த ஞாயிறு அவள் புதுச் சட்டை ஒன்றோடு வந்தாள். நான் குழைத்தேன், தீத்தினேன். பிள்ளை குருவிக்குஞ்சுபோல என் கையைப் பார்த்து வாயைத் திறந்து மூடினாள். நான் சந்தோஷமாகத் தாயைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மெல்லுறாள்" என்றாள்.

"ஓம், ஆனா சாப்பிடுறாள்தானே."

"அன்ரி, அங்க ஒரு பெரிய தட்டைச் சுத்தி எல்லாப் பிள்ளையளும் இருக்குங்கள். எல்லாம் டக்கு டக்கெண்டு விழுங்கும். இவள் வாயைத் திறந்துகொண்டு ஆரேன் தீத்துவினம் எண்டு பாத்துக்கொண்டிருப்பாள். தட்டு வெறுமையாப் போயிடும்." பிறகு, "எல்லாரும் என்னைத்தான் பாப்பினம்" என்றாள்.

தட்டைத் தன் பக்கம் இழுத்து, குழைக்காமல் மிஞ்சிய எபாவில் உருண்டை பிடித்து, குழம்பில் தோய்த்து, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா தீத்தட்டும். மம்மியின்ர கை வேண்டாம்."

"என்ன சொல்றாள்?"

இந்தமுறை என் கணவர் வீட்டில் இல்லை. பொய் சொல்லிச் சமாளிக்கும் கட்டத்தை நாங்கள் தாண்டிவிட்டோம் என்று தோன்றியது. சொன்னேன். அவள் உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

போகும்போது கதவடியில் நின்று கேட்டாள். "கடைசி மாசம் நான் இஞ்ச வந்து இருக்கலாமோ? சமையலை நீங்கள் செய்யுங்கோ. ஆனா அவள் சாப்பிடுற நேரம் நீங்கள் வீட்டில நிக்கக் கூடாது. இடையில வேற ஒண்டும் குடுக்கவும் கூடாது. குறை நினையாதேங்கோ."

வந்தாள். மகனின் அறையில் பிள்ளையோடு படுத்தாள். நான் தினமும் குழம்பை இறக்கி வைத்துவிட்டு மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். எங்கே போவது? சேர்ச் றோட்டில் முருகன் கோயில் இருந்தது. உள்ளே போய் ஒரு மூலையில் இருந்தேன். ஐயர் தீபம் காட்டும்போது, அவள் இப்போது வாயைத் திறந்திருப்பாளா, அழுகிறாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை என்னோடு வந்த கணவர் காதுக்குள் கேட்டார். "நீர் கும்பிடுறீரோ, மணி பாக்கிறீரோ?"

திரும்பி வந்தால் முதலில் குசினி மேசையைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் சின்னத் தட்டில் குழம்பு ஆடைபடர்ந்து அப்படியே இருந்தது. தாய் அதைக் கொட்டாமல் மேசைக்கு முன் இருந்தாள், கண் சிவந்து.

ஒரு பின்னேரம் தாய் குளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, பாண் தாங்கோ."

"இப்ப ஏலாது குஞ்சு. மம்மியோட சாப்பிடலாம்."

"மம்மியோட வேண்டாம். பட்டர் பூசிப் பாண் தாங்கோ."

பாண் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவள் அழவுமில்லை. என் கையை விட்டுவிட்டு, "நீங்கள் ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போறீங்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போறேல்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். குளியலறைக் கதவில் தட்டி "மம்மி" என்று கூப்பிடுவது கேட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் சாப்பாடு கேட்கவில்லை. என் மடிக்கும் வரவில்லை. காலையில் தலை இழுக்கத் தாயிடம் போனாள். தாய்க்கு அந்தத் தலையை எப்படிப் பின்னவேண்டும் என்று தெரிந்திருந்தது. இறுக்கமாக, அழகாக, வரிவரியாகப் பின்னினாள். நாலு வருடம் நான் இரண்டு குடுமி கட்டி விட்ட தலை.

தட்டில் மிஞ்சுவது குறைந்தது. பசியால்தான் சாப்பிடுகிறாள் என்று நான் எண்ணினேன். பசியாலேயே பழகட்டும் என்று அடுத்த நிமிஷம் எண்ணினேன். இரண்டு நினைவும் என்னைத் தூங்கவிடவில்லை.

பயணத்துக்கு முதல்நாள் மேற்சட்டையை எடுக்கப்போன என்னைத் தாய் தடுத்தாள்.

"இண்டைக்குப் போகாதேங்கோ அன்ரி. எங்களோட இருந்து சாப்பிடுங்கோ."

நாலு பேரும் மேசையில் இருந்தோம். நான் நல்ல பிஞ்சாகத் தேடி வாங்கிய வெண்டிக்காய். குழம்பு கயிறாக இழுபட்டது. எபாவைத் தாய் கிளறினாள். தாயும் பிள்ளையும் ஒரே தட்டில். பிள்ளை ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளினாள். பெருவிரலால் குழி அமுக்கினாள். தோய்த்துத் தூக்கி, மணிக்கட்டைச் சுழற்றினாள். நூல் அறுந்து நாடியில் ஒட்டியது. விழுங்கினாள். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, மிளகாயாக இருக்கலாம். அடுத்ததைக் கிள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை. என் கை மேசைக்குக் கீழே தானாக உருண்டை பிடிப்பதை உணர்ந்து, விரல்களை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பிடுங்கோ அன்ரி" என்றாள் தாய்.

இத்தனை மாதம் சமைத்தேன், அவர்கள் முறையில் ஒருநாளும் உண்டதில்லை. ஒரு உருண்டை எடுத்துத் தோய்த்து வாயில் வைத்தேன். விழுங்கப் பார்த்தேன். தொண்டை இடங்கொடுக்கவில்லை. பல்லுக்கு இடையில் தள்ளிவிட்டேன்.

பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தாயின் கையைத் தட்டினாள். ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மம்மி, அங்க பாருங்கோ, அவ மெல்லுறா!"

தாய்க்குச் சிரிப்பு வெடித்தது. அந்த மாதம் முழுவதும் நான் கேட்காத சிரிப்பு. உடனே என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் குனிந்து தன் தட்டைப் பார்த்தார்.

"ஓம் குஞ்சு, மெல்லுறன்" என்று நான் தமிழில் சொன்னேன். அதற்குள் பிள்ளை தாயின் பக்கம் திரும்பி, அடுத்த உருண்டைக்குத் தட்டில் கை வைத்துவிட்டாள்.