இருபத்திமூண்டு கிலோ

மூஸ் வேட்டைக்கு வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் பின்னேரம், என்ர மனிசியின்ர தம்பி பையை அடுக்கி வச்சுக்கொண்டு, வந்து பாருங்கோ எண்டு ஃபோன் எடுத்தான். வோபர்னில இருந்து ஸ்ரௌவ்வில்லில இருக்கிற அவன்ர வீடு மட்டும் ட்ராஃபிக்குக்குள்ளால கார் ஓடிப் போய், ஹோலுக்க கிடந்த பையைக் கண்டன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கன வருஷமா விண்ணப்பிச்சு விண்ணப்பிச்சு, அந்த வருஷம்தான் எனக்கு மூஸ் சுடுற பெர்மிற் கிடைச்சது. மூஸ் எண்டால் மாட்டிலும் பெரிய மான். தனிய ஒருத்தன் சுட்டாலும் தனிய இழுத்துக்கொண்டு வரேலாது. வழமையா என்னோட வாற, என்ர வேலையிடத்து வெள்ளைக்காரன் முழங்கால் ஒப்பரேசன் எண்டு கையை விரிச்சிட்டான். மிஞ்சினது இவன்தான். மூண்டு வருஷமா "அத்தான், என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு நச்சரிச்சு, துவக்கு லைசென்சும் எடுத்து வச்சிருந்தவன். இவன் காட்டுக்க விழுந்து படுத்தானெண்டால் என்ர பெர்மிற்றும் அதோட சரி.

பையைத் தூக்கினன். தோள்மூட்டு கழண்டு போற பாரம்.

"எத்தினை கிலோ?"

"சரியா இருபத்திமூண்டு, அத்தான். ஒரு கிலோவும் கூடேல்லை," எண்டான் பெருமையா.

விளங்கிச்சுது. கொழும்புக்குப் பறக்கிற கணக்கு. பாத்ரூம் தராசில பையோட ஏறி நிண்டு, பிறகு தன்ர நிறையைக் கழிச்சிருக்கிறான். பிளேன்காரன் விடுறதைக் காடும் விடும் எண்டு நினைச்சிருக்கிறான், விசரன். ரெண்டு ஏரிக்கு இடையில கனூ வள்ளத்தையும் தோளில தூக்கி, பையையும் கொழுவிக்கொண்டு சேத்துக்குள்ளால நடக்கோணும் எண்டு இவனுக்கு ஆயிரம் தரம் சொன்னனான்.

பையைக் கவிட்டுக் கொட்டினன். ஒவ்வொரு சாமானும் ஷொப்பிங் பாக்கில சுத்தி முடிச்சுப் போட்டிருந்தது. வறுத்த அரிசிமா ரெண்டு கிலோ. காட்டுக்க புட்டு அவிக்கப் போறாராம். கருவாட்டுச் சம்பல் ஒரு போத்தில். குளிச்சுத் துடைக்க மூண்டு துவாய். பிறகு ஒரு பெரிய போத்தில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணி.

"உது என்னத்துக்கு?"

"தலையிடி கிலையிடி வந்தால் எண்டு..."

"மூஸுக்குக் கண் மட்டு, மூக்குத்தான் எல்லாம். உதுக்கும் கருவாட்டுக்கும் அது கியூபெக் தாண்டி ஓடும்."

"ஓம் அத்தான்," எண்டு எடுத்து வச்சான். எல்லாத்துக்கும் ஓம் அத்தான்தான். சும்மா தலையாட்டுறவனைக் கண்டால் எனக்கு இளக்காரம் இன்னும் கூடும். மூண்டு மாசமா வீடியோ பார்த்தவனாம், நித்திரைப் பை அடியில போகோணும் எண்டுகூடத் தெரியேல்லை. நல்லா வாய்க்கு வந்தபடி பேசினன். குசினிக்க நிண்ட அவன்ர மனிசிக்கும் கேக்கட்டும் எண்டுதான் பேசினன்.

கடைசியா மேல் பொக்கற்றைத் திறந்தன். பொலித்தீன் உறைக்குள்ள குடும்பம் முழுக்கவின்ர பாஸ்போர்ட், பேர்த் சேர்ட்டிபிக்கற், கலியாண எழுத்து, வீட்டு உறுதி.

"மூஸ் உன்னட்டப் பாஸ்போர்ட் கேக்குமோ?"

குசினிக்க சிரிப்புக் கேட்டுது.

"துவக்கு லைசென்சும் வேட்டை லைசென்சும் காணும். உதுகளை அலுமாரிக்க வை."

"அது இருக்கட்டும், அத்தான்."

"கனூ பிரண்டால் எல்லாம் தண்ணிக்க. எடு. இல்லாட்டி நீ வரத் தேவையில்லை."

எடுப்பான் எண்டு எனக்கு நிச்சயம். மூண்டு வருஷம் கெஞ்சினவன்.

"அப்ப நான் வரேல்லை," எண்டிட்டுத் துவாயை மடிக்கத் தொடங்கினான்.

"என்னடாப்பா, ஒரு கட்டுக் கடதாசிக்காகவோ?"

அவன் தலை நிமித்தேல்லை. "அத்தான், நான் முதுகில பை கொழுவின ஒரு தரமும் விட்டிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போகேல்லை. சண்டைக்க நாலு தரம். முதல் தரம் இதுகளை எடுக்காமல் ஓடி, நான் ஆரெண்டு காட்டவே ஒண்டரை வருஷம் போனது. இப்பதான் திரும்பி வரப்போறன் எண்டு ஒரு பை அடுக்கிறன். உதுகளை வெளிய எடுத்து வைக்கக் கை கேக்குதில்லை."

 நான் அந்தப் பொலித்தீன் உறையை எடுத்து அவன்ர கையில குடுத்தன்.

"சரி, வை. காலமை நாலு மணிக்கு வருவன்," எண்டன்.

நான் கொழும்பில பிளேன் ஏறி வந்தவன். அண்டைக்கு என்ர பெட்டியை அடுக்கினதுகூட அம்மாதான். ஒரு மணித்தியாலமா நான் ஆருக்குப் பை அடுக்கப் பழக்கினனான் எண்டு நினைக்க வெக்கமாக் கிடந்தது.