கையெழுத்துப் போட மறுத்த அப்பா

பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊர்ப் பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க். வெர்னா ஹலுஸ்கா என்பவள் எங்கள் பள்ளிக்கும் இன்னும் இரண்டு பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் அறிவைச் சோதிக்க வருவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காபியைக்கூட நடந்துகொண்டே குடித்துத் தரையெல்லாம் சிந்துவாள். துடைப்பது யார்? நான்தான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் கோடை லீவுக்கு முன் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டாம் வகுப்பு டெஸ்ஸா, ஆறாம் வகுப்புக் கணக்கை அலட்சியமாகப் போடுகிற பெண். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தனிப் பாடம் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் அதற்கு முன் சோதனை, சோதனைக்கு முன் பெற்றவர் கையெழுத்து. அதுவும் சட்டம்தான். மூன்று தடவை அனுப்பியும் படிவம் கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமையோடு அடுத்த வருஷத்துத் தனிப் பாடப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

வியாழக்கிழமை டெஸ்ஸாவின் அப்பா கிளைட் ப்ரோஸ்கி பட்டறை உடுப்போடு நேரே வந்து நின்றார். படிவத்தின் தலைப்பில் 'சிறப்புக் கல்வி' என்றிருந்த இடத்தை விரலால் குத்தினார்.

"இதே பேரச் சொல்லித்தான் என்னை மந்தமான பசங்களோட பாய்லர் ரூம் பக்கத்துல அஞ்சு வருஷம் உட்கார வெச்சீங்க. இப்ப எம் பொண்ணா?"

"ஐயோ, இது கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு! நம்ம சட்டத்துல ரெண்டு வகைக்கும் ஒரே ஆபீஸ், ஒரே பேருதாங்க" என்றாள் வெர்னா.

"எங்கம்மாகிட்டயும் நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க மேடம்."

வெர்னா அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"எந்த வருஷம்?"

"அறுபத்தாறு."

என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பழைய கோப்புகள் கிடக்கும் நிலவறைக்கு ஓடினாள்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்றார் கிளைட்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி."

அவருடைய பழைய சோதனைத் தாளைக் காட்டி, சோதனை என்றால் இவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று புரியவைக்க நினைத்திருக்கிறாள். தூசியோடு கொண்டுவந்த கோப்பில் ஒரே ஒரு காகிதம் இருந்தது. அதைப் படித்ததும் அவள் முகம் செத்துப்போனது. மறைத்திருக்கலாம். மறைக்காமல் நீட்டிவிட்டு, என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கிளைட் மெதுவாக வாசித்தார். "அப்பா சுரங்கத் தொழிலாளி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பேச்சு திக்குகிறது." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மார்க் எங்க மேடம்?"

"இல்ல. உங்களை யாரும் சோதிக்கவே இல்லைங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். பேனா கேட்டார். கையெழுத்தை அழுத்திப் போட்டுப் படிவத்தை அவளிடம் தள்ளினார்.

"இவளையாவது சோதிச்சுப் பாருங்க."