ஃபர்ஸ்ட் குரூப்பில் ஓர் இடம்

தமயந்தியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆனவர். செசிலியாவின் அப்பா அமிர்தநாதன் அங்கேயே கான்ட்ராக்ட் கூலி. பெண்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. தமயந்திக்குக் கணக்கு சுத்தமாக வராது. சாயங்காலம் குவார்ட்டர்ஸ் படியில் உட்காரவைத்து, ஒரே கணக்கை நாலு தடவை போட்டுக் காட்டி, அவளைப் பத்தாம் வகுப்பு தாண்டவைத்தவள் செசிலியா.

1981-ல் ப்ளஸ் ஒன் சேர்க்கை. அமிர்தநாதனுக்கு வேலையை விட்டு வர முடியாமல் விண்ணப்பம் தாமதமாயிற்று. கணக்கும் விஞ்ஞானமும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் அதற்குள் நிரம்பிவிட்டது. தமயந்தியைப் போலவே செசிலியாவுக்கும் காமர்ஸ்தான் கிடைத்தது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தமயந்திக்கோ, தோழி தன்னோடுதான் இருப்பாள் என்று உள்ளூரச் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து செசிலியா காய்ச்சலில் படுத்துவிட்டாள். கணக்கு டீச்சர் தமயந்தியைக் கூப்பிட்டார். ஃபர்ஸ்ட் குரூப்பில் ஒரு பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாள், ஓர் இடம் இருக்கிறது, செசிலியாவை நாளைக்குள் அப்பாவோடு வந்து எழுதிக் கொடுக்கச் சொல் என்றார்.

அன்று சாயங்காலமே தமயந்தி மந்தாரக்குப்பத்தில் இருந்த செசிலியா வீட்டுக்குப் போனாள். சாத்துக்குடி கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வகுப்புக் கதையெல்லாம் பேசினாள். அதை மட்டும் சொல்லாமல் திரும்பினாள். மறுநாள் டீச்சர் கேட்டபோது, அவர்கள் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னாள். இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

காமர்ஸ் பாடங்களையும் செசிலியாதான் சொல்லிக்கொடுத்தாள். அந்த பலத்தில் தமயந்தி பி.காம். முடித்து பாங்க் பரீட்சையிலும் தேறினாள். செசிலியா ப்ளஸ் டூவோடு நின்று, டைப் அடிக்கக் கற்று, ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் சேர்ந்தாள். தோழி பாங்க்கில் இருக்கிறாள் என்று அவள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் தமயந்திக்கு உடம்பு கூசும்.

ஏழு வருஷம் அடக்கி வைத்ததை, தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன அன்று அந்த ஆபீசிலேயே சொல்லிவிட்டாள்.

டைப் அடித்துக்கொண்டிருந்த செசிலியாவின் கை நின்றது.

"எங்க வூட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னியா?"

"ஆமா. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கான்னு பயந்துட்டேன்."

"அதுக்கப்புறம் டீச்சர் எங்கிட்ட முகங்குடுத்தே பேசல. நான் என்ன தப்பு பண்ணேன்னு ரெண்டு வருசம் யோசிச்சிகினு இருந்தேன்."

செசிலியா திட்டவில்லை, அழுதவளைத் தேற்றவுமில்லை. பத்திரிகையை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, மிச்சக் கடிதத்தை அடிக்க ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு அமிர்தநாதன் மட்டும் வந்தார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். அவரிடம் செசிலியா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நீ கூட இருந்ததாலதாம்மா எம்பொண்ணு அவ்ளோவாச்சும் படிச்சா" என்று சொல்லி வாழ்த்தினார். தமயந்தியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.