ஒரே பலகையில் இரண்டு பேர் மருந்து

மருந்து நிரப்புவதும் துணி வெட்டுவதும் ஒரே வேலைதான் என்று நான் நம்பியிருந்தேன். சும்மா இல்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நம்பினேன். இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்றவன் நான். இனிமேல் நிற்க முடியாது என்று முதுகு ராஜினாமா கொடுத்த பிறகு, அந்த முதுகுக்கு வைத்தியம் பார்த்த சித்த மருத்துவரிடமே உட்கார்ந்து செய்கிற வேலைக்குச் சேர்ந்துகொண்டேன். டாக்டரம்மா ஆளுக்கு ஒரு சூரணம் எழுதுவார். நான் எடைபோட்டு, கலந்து, சலித்து, காலிக் கேப்ஸ்யூல்களில் அடைப்பேன்.

அதற்கு நூறு குழி உள்ள ஒரு பலகை உண்டு. குழிக்கொன்றாகக் கேப்ஸ்யூலின் அடிப்பாதியை நிறுத்தி, பொடியைக் கொட்டி, அட்டையால் இழுத்து நிரப்பி, மேல்பாதியை மூடி அழுத்தினால் முடிந்தது. நான் சேர்ந்த அன்று டாக்டரம்மா ஒரே ஒரு சட்டம்தான் சொன்னார். "ஒரு நேரத்துல ஒருத்தர் மருந்துதானுங்க. அது முடிஞ்சு, பலகையைக் கழுவி, காய வெச்சு, அப்புறந்தான் அடுத்தவங்களுது."

எனக்கு அதில் வயிற்றெரிச்சல். கட்டிங் டேபிளில் துணியை அடுக்கினால் ஒரே அடுக்கில் எம் சைஸும் எல் சைஸும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வெட்டுவோம். துணியும் மிச்சம், நேரமும் மிச்சம். இங்கே ஒருவருக்கு ஐம்பது கேப்ஸ்யூல் போட்டால் மீதி ஐம்பது குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பாவத்தைத் தீர்த்தேன். பலகையின் நடுவில் டேப் ஒட்டினேன். இடப்பக்கம் ஒரு சின்னப் பெண்ணுக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஒன்றரை மாதக் கைக்குழந்தை, தாய்ப்பால் போதவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம், சீரகம். வலப்பக்கம் காங்கேயத்து எண்ணெய் மில்காரர் ஒருவருக்கு. நாலு நாளாக மலம் போகவில்லை. நிலாவரை, கடுக்காய், சுக்கு. சலித்துவிட்டால் இரண்டும் ஒரே பழுப்பு, கேப்ஸ்யூலும் ஒரே வெள்ளை. அதனாலென்ன, கட்டிங் மாஸ்டருக்குச் சாக்பீஸ் இருக்கிறதே. மேசை விளிம்பில் இந்தப் பக்கம் 'பால்' என்றும் அந்தப் பக்கம் 'மில்' என்றும் எழுதினேன். இரண்டு பக்கமும் பொடி நிரப்பி முடித்தபோது போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, மூடி அழுத்தி, சாக்பீஸ் சொன்னபடி கவரில் போட்டேன். சாயங்காலமே இரண்டு பேரும் வாங்கிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது, கூட்டிப் பெருக்க வருகிற அக்காவிடம் என் சாமர்த்தியத்தை அளந்தேன்.

"அதானுங்கண்ணா மேசையெல்லாம் பொடியாக் கெடந்துச்சு" என்றார். "நீங்க போன் பேசப் போனப்ப, பலகையைத் தூக்கி, உங்க சாக்பீஸ் எழுத்தை மட்டும் விட்டுட்டு மேசையைத் தொடச்சு வெச்சேன்."

"தூக்கி எப்படிங்க்கா வெச்சீங்க?"

"எப்படின்னா? கீழதானுங்க வெச்சேன்."

"இடப்பக்கம் இடப்பக்கமாவேங்களா?"

"அந்தப் பலகைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்களே. மேசையைச் சுத்தி வந்து தொடச்சேன். திருப்பி வெச்சேனோ என்னமோ, அதைப் போய் யாரு பாத்தா?"

பலகை திரும்பியிருந்தால் மருந்தும் கவர் மாறிப் போயிருக்கும். பேதி மருந்து பால் கொடுக்கிறவள் வயிற்றுக்குள் போனால், அவளோடு நிற்காது. ஏற்கெனவே பால் போதாத பிள்ளை. டம்ளரோடுதான் போனை எடுத்தேன். அவள் போன் சுவிட்ச் ஆஃப். மில்காரருக்கு அடித்தேன்.

"வயிறு எப்படிங்க இருக்குது?"

"காலையில சும்மா பைபாஸ் ரோடாட்டம் தெறந்துக்கிச்சுங்க. ரெண்டே ரெண்டுதான் போட்டேன். கூடவே ஊட்டுல அம்மணி ஒரு பப்பாளியை அறுத்துக் குடுத்தா, அதையும் முழுசாத் தின்னேன்."

மருந்தா, பப்பாளியா? நான் குரலைத் தாழ்த்தினேன். "நெஞ்சுப் பக்கம் ஏதாச்சும் மாற்றம் தெரியுதுங்களா?"

"நெஞ்சுலயா? ஏனுங்க, மருந்துல என்னத்தைங்க போட்டீங்க?"

மேற்கொண்டு அந்த மாத்திரையைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம், காலிக் கேப்ஸ்யூல் கூரியர் வந்திருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று பொய் சொன்னேன். வண்டியைக் கிளப்பினால் காதர்பேட்டையில் ஒரு வேன் பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டு தெருவை அடைத்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் கோர்ட்டே நடந்தது. நானே வக்கீல், நானே நீதிபதி. அப்படியிருந்தும் எனக்குத் தண்டனைதான் கிடைத்தது.

அவள் குடியிருந்த லைன் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு இந்திக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் "பேபி, ஆஸ்பத்திரி" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு விரலைத் தன் தொடையில் குத்திக் காட்டி, குழந்தை அழுவதுபோல் முகத்தையும் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தொடையில் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். உலகத்தில் எந்த டாக்டர் தொடையில் டிரிப்ஸ் ஏற்றுவார் என்று யோசிக்கிற பாகம் எனக்குள் அப்போது மூடிக் கிடந்தது. வண்டிச் சாவியைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

இரண்டு தெரு தள்ளி ஆரம்ப சுகாதார நிலையம். வராந்தாவில் வரிசையாகத் தாய்மார்கள். தடுப்பூசி போடுகிற நாள். கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஊசி போட்ட கோபத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அத்தனை அழகான அழுகையை நான் கேட்டதில்லை.

"என்னண்ணே, பழுதாப் போன ரிட்டர்ன் பீஸ் வாங்க வந்த ஆளு மாரி முழிக்கிய?" என்றாள்.

"மாத்திரை எங்கம்மா?"

"பையிலதாம் இருக்கு. ஊசி போடுத அன்னைக்குச் சாப்பிடலாமான்னு நர்ஸம்மாட்டக் கேப்போம்னு எடுத்துட்டு வந்தேன்."

"நேத்து ராத்திரி?"

"எங்கம்மா போன்ல வேண்டாம்னுட்டா. ஊசி முடியட்டும், புதுசா ஒண்ணும் உள்ள போவக்கூடாதுன்னா."

கவர் மாற்ற வேண்டும் என்று இன்னொரு பொய்தான் வாய்வரை வந்தது. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்ததும் ஏனோ உண்மை வந்துவிட்டது. "பொடி மாறியிருக்குமோன்னு சந்தேகம்மா."

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். "மாறியிருந்தா என்னண்ணே ஆவும்?"

"வயித்தால போகும்."

"எனக்கா, பிள்ளைக்கா?"

நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கவரை எடுத்து என் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

திரும்பிப் போய்க் கவரை டாக்டரம்மா மேசையில் வைத்து, டேப், சாக்பீஸ், போன், கூரியர் எல்லாம் சொன்னேன். அவர் ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளங்கையில் தட்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். மீதிப் பாதியை என் பக்கம் நகர்த்தி, "நீங்களும் பாருங்க" என்றார்.

சீரக வாசமே இல்லை. நாக்கை இழுத்துப் பிடித்தது கடுக்காய்த் துவர்ப்பு. ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை தூங்கிய வீட்டில் இருந்த ஐம்பதும் பேதி மருந்து. காங்கேயத்துக்காரர் விழுங்கிய இரண்டும் தாய்ப்பாலுக்கு எழுதியவை. அவர் வயிற்றைத் திறந்தது பப்பாளி.